பின்னால் வருகிற வண்டி

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
8 நவம்பர் 1971

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

கிளெம் எழுதுகிறேன். நானும் கிளெனிஸும் சௌக்கியம். பெரியம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? உன் வாய் எப்படி இருக்கிறது? அதற்கு ஒரு குறையும் வந்திருக்காது என்று தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு நானும் டூலியும் மணல்மேடுகளைத் தாண்டிக் குவீன்ஸ்லாந்து பக்கம் போகிறோம். டூலியை உனக்குத் தெரியும், என் கல்யாணத்தில் கேக்கின் மேல் உட்கார்ந்தவன். ஆறு நாள் பாதை. லயலையும் அனுப்பி வை. உன் தம்பி ஒரு ஜீப்பை வாங்கி வைத்துக்கொண்டு அதில் பள்ளிக்கூடத்துக்கும் கடற்கரைக்கும் மட்டும் போய் வருவது அந்த வண்டிக்கே அவமானம்.

கோடையில் எவனாவது பாலைவனத்துக்குப் போவானா என்று கேட்பாய். டூலியின் பட்டறைக்கு அப்போதுதான் விடுமுறை, நம் வாத்தியாருக்கும் அப்போதுதான். பயப்படாதே. இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. முன்னால் போகிறவனுக்குப் பின்னால் வருகிற வண்டி பொறுப்பு. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் அவன் வந்து சேருகிறவரை நிற்க வேண்டும். நிற்க முடியாவிட்டால், போகிற பாதையின் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் தலையில் காலி டப்பாவைக் கவிழ்த்துவிட்டுப் போவோம். டப்பா எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வண்டி. குழந்தைக்குக்கூடப் புரியும்.

பெரியம்மாவுக்கு என் முத்தம். அவர்கள் மாவுக்குள் கறி வைத்து மடித்துச் சுட்ட பேஸ்டியை நினைத்தபடியே இந்த ஊர்ச் சாப்பாட்டை விழுங்குகிறேன்.

உன் தம்பி,
கிளெம்

*

மூன்டா
21 நவம்பர் 1971

அன்புள்ள கிளெமுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது, மூச்சுத்தான் மாடிப்படியில் வாங்குகிறது. டாக்டர் இதயம் என்கிறார். அம்மா வாயு என்கிறாள்.

லயல் உன் கடிதத்தை நாலு முறை படித்துவிட்டான். வரைபடம் வாங்கியாயிற்று, தொப்பி வாங்கியாயிற்று, புகைப்படக் கருவிக்குப் புதுத் தோலுறை வாங்கியாயிற்று. நான் வேண்டாம் என்றேன். அம்மாதான், "கிளெம் கூட இருக்கான்ல, அப்புறம் என்னடி பயம்? ரெண்டும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்ததுங்க" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்காமல் கேள். உங்களுக்கு ஒன்பது வயதில் நீ அவனைக் கோழிக்கூண்டில் உட்காரவைத்து, "நான் வர்ற வரைக்கும் இரு" என்று சொல்லிவிட்டுப் பந்தாட்டம் பார்க்கப் போனாய். கூண்டுக்குப் பூட்டே கிடையாது. அவன் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தான். அவன் இன்னும் அப்படித்தான் இருக்கிறான். சொன்னதை நம்புவான். நீயும் டூலியும் சேர்ந்தால் விளையாட்டு எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியாது. அவனிடம் வேண்டாம்.

தண்ணீரைக் கூடுதலாகவே எடுத்துப் போங்கள். கிளெனிஸைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வெர்னா

*

கடைசிக் கடை, பாதை ஆரம்பிக்கிற இடம்
28 டிசம்பர் 1971

அக்கா,

சௌக்கியம். மூக்குத் தோல் உரிந்துவிட்டது, மற்றபடி முழுசாக இருக்கிறேன். நாளைக்கு மணலுக்குள் இறங்குகிறோம். இதற்கு அப்புறம் தபால் கிடையாது.

எனக்கு இங்கே பெயர் ஆமை. வழியில் படம் எடுக்க நிற்கிறேனாம். "ஏய் ஆமை, பூவப் பாத்துப் பொண்ணு கேக்கறியா? ஏறுடா வண்டியில!" என்று டூலி கத்துகிறான். "விடுடா, வாத்தியாரு பல்லிக்கு வீட்டுப்பாடம் குடுத்துட்டு வருவாரு" என்கிறான் கிளெம். நேற்று என்னால் இரண்டு மணி நேரம் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். டூலிக்கு நிஜமாகவே கோபம். "உனக்கு ஒரு நாள் இருக்குடி" என்றான். தப்பு என்னுடையதுதான். நாளையிலிருந்து வேகமாகப் போகப் பார்க்கிறேன்.

என்ன சொன்னாலும் நன்றாக இருக்கிறது அக்கா. இவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு வந்ததே பெரிது. அம்மாவிடம் தினமும் சாப்பிடுகிறேன் என்று சொல்.

லயல்

*

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
20 ஜனவரி 1972

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. பெரியம்மா சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா, அதை மட்டும் எழுது.

என்ன நடந்தது என்று லயலின் அடக்கத்தன்று நீ கேட்டாய். இப்போது எழுதுகிறேன். முப்பதாம் தேதி காலை பாதை பிரிகிற இடத்துக்கு வந்தோம். இடது பாதை துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டியை ஒட்டிப் போகும். அதுதான் சரியான பாதை. வலது பாதை ஒரு தனிச் சவுக்கு மரத்தை ஒட்டிப் போகும். அது எண்ணெய் தேடி வந்தவர்கள் வெட்டிப்போட்ட தடம், எந்த ஊருக்கும் போகாது. லயலுக்காக இரண்டு மணி நேரம் நின்றோம். வரவில்லை. சட்டப்படி தொட்டி ஓரமாகக் குச்சி நட்டு, டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, அடுத்த கிணற்றில் போய்க் காத்திருந்தோம். அவன் படம் எடுக்கிற நினைப்பில் டப்பாவைக் கவனிக்காமல் வலப்பக்கம் திரும்பிவிட்டான் போலிருக்கிறது. தேடாத இடமில்லை. ஜனவரி ஏழாம் தேதிதான் விமானத்திலிருந்து ஜீப்பைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு மைல் உள்ளே, அச்சுவரை மணலில்.

அவன் வண்டியை விட்டு நகரவில்லை. நிழலில்தான் இருந்தான். அது ஒன்றைச் சரியாகச் செய்தான். போலீஸிடமும் இதைத்தான் சொன்னேன்.

பெரியம்மா லயலின் கைக்கடிகாரத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். கட்டிக்கொள்ளக் கை வரவில்லை.

கிளெம்

*

மூன்டா
6 பிப்ரவரி 1972

அன்புள்ள கிளெமுக்கு,

அம்மா சாப்பிடுகிறாள். கஞ்சி மாதிரி எதையாவது. நீ எழுதுகிற கடிதங்களைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

விசாரணையின் தீர்ப்பு வந்துவிட்டது. அனுபவமின்மை, கவனக்குறைவு. இரண்டே வார்த்தை, இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு. ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. தொலைபேசி நிலையத்தில் நான் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தும், "வாத்தியாருக்கு ஒரு டப்பாவைப் படிக்கத் தெரியலையே" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சிரிக்கிறாள். தலைமையாசிரியர் பள்ளிக்கூடம் திறந்த அன்று பிள்ளைகளை நிறுத்திவைத்துக் கவனத்தைப் பற்றிப் பேசினாராம். உதாரணத்துக்கு லயல். அவனிடம் படித்த பிள்ளைகள் கிளெம், அவன் மூக்குத் துடைத்துவிட்ட பிள்ளைகள்.

அம்மா ராப்பகலாய் ஒன்றையே சொல்கிறாள்: "டப்பாவப் பாத்துப் போகத் தெரியாத பிள்ளையாவா வளத்தேன்? தப்பு என் வளர்ப்புலதான்." இதைக் கேட்டுக்கொண்டு என்னால் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை.

ஆகவே கேட்கிறேன். லயல் எறும்புக்கு வழிவிட்டு நடக்கிறவன். தெருவில் ஒரு பலகை இருந்தால் நின்று படித்துவிட்டுப் போகிறவன். அவன் எப்படி டப்பாவை விட்டான்? நீங்கள் திரும்பி வந்தபோது டப்பா இருந்ததா? எந்தப் பக்கம் இருந்தது? அவன் முட்டாளாகச் சாகவில்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும்.

பதில் போடு.

வெர்னா

*

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
28 மார்ச் 1972

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பட்டறையில் வேலை அதிகம். ஒரு நல்ல செய்தி. கிளெனிஸ் முழுகாமல் இருக்கிறாள். செப்டம்பர் என்கிறார்கள். பெரியம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவார்கள்.

டப்பா இருந்தது அக்கா. தொட்டி ஓரத்தில், நட்ட இடத்தில். போலீஸ்காரரும் பார்த்தார், அறிக்கையில் எழுதியிருக்கிறார். இதற்குமேல் நான் என்ன சொல்ல? வெயிலில் மனுஷனுக்குக் கண் மங்கும். எனக்கே எத்தனையோ முறை ஆகியிருக்கிறது.

போனவன் போய்விட்டான். இந்தப் பேச்சை விட்டுவிடுவோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கிளெம்

*

மூன்டா
20 ஏப்ரல் 1972

கிளெமுக்கு,

அம்மா பிள்ளைச் செய்தி கேட்டுச் சிரித்தாள். நாலு மாதத்தில் முதல் முறை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் போலீஸ் பொட்டலம் வந்தது. சட்டை, தொப்பி, பேனா, புகைப்படக் கருவி. உள்ளே சுருள் அப்படியே இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. மருந்துக் கடையில் கொடுத்துக் கழுவி வாங்கினேன். அவன் எந்தப் படத்தை எங்கே எடுத்தான் என்று சின்ன நோட்டில் எழுதி வைப்பான், உனக்கே தெரியும். அதுவும் வந்தது.

பத்தொன்பதாவது படத்தில் ஒரு குச்சி, அதன் தலையில் கவிழ்த்த பால்மாவு டப்பா. அதற்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், சவுக்கு மரம். தொட்டி தள்ளி, எதிர்ப்பக்கம், சின்னதாகத் தெரிகிறது. நோட்டில் இப்படி எழுதியிருக்கிறான்: "19. பிரிவில் டப்பா. நான் இவ்வளவு பிந்தியும் கிளெம் என்னை மறக்கவில்லை."

இருபதாவது படம் மணல். இருபத்தொன்று மண்ணில் புதைந்த சக்கரம். இருபத்திரண்டு அவனுடைய நிழல். அதற்கு அப்புறம் எடுக்கவில்லை.

உன் முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். குழந்தைக்குக்கூடப் புரியும் என்று எழுதியிருக்கிறாய். அவனுக்குப் புரிந்தது.

உன்னை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு ஆசையில்லை. அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது. தவறிப்போய் வலப்பக்கம் வைத்துவிட்டோம் என்று வேண்டுமானால் எழுது, பொய்யே சொல், எனக்குக் கவலையில்லை. டப்பா வலப்பக்கம் இருந்தது, லயல் சரியாகத்தான் வந்தான் என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு அவள் கண்ணை மூடட்டும். டாக்டர் அதிக நாள் சொல்லவில்லை.

வெர்னா

*

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
11 ஜூன் 1972

அக்கா,

ஏழு முறை எழுதிக் கிழித்தேன். இது எட்டாவது.

நாங்கள் இரண்டு மணி நேரம் நிற்கவில்லை. கால் மணி நேரம்கூட இல்லை. டூலிதான் சொன்னான்: "வலப்பக்கம் நடுடா. ஆறு மைல்ல தடம் முடிஞ்சிரும். சுத்திட்டு வரட்டும், அப்பத்தான் ஆமைக்குப் புத்தி வரும்." நட்டது டூலி இல்லை, நான். போன வருடம் நாங்கள் பார்த்தபோது அந்தத் தடம் ஆறு மைலில்தான் முடிந்தது. இந்த வருடம் அதை நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

கிணற்றில் உட்கார்ந்து பீர் குடித்தோம். அவன் வந்ததும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒத்திகை பார்த்தோம். டூலி லயல் மாதிரி நடந்து காட்டினான், நான் புரண்டு புரண்டு சிரித்தேன். பொழுது சாய்ந்தது. "கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிட்டான், அம்மா மடியில போய் ஒப்பாரி வைக்கட்டும்" என்று நான்தான் சொன்னேன். மறுநாள் நாங்கள் மேலே போய்விட்டோம் அக்கா. திரும்பிப் பார்க்கவில்லை. மணலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்குப் போய்த் தொலைபேசி பண்ணி, அவன் கடைசிக் கடைக்குத் திரும்பவில்லை என்று தெரிந்த பிறகுதான் போலீஸிடம் ஓடினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போலீஸ் வண்டிக்கு வழி காட்ட முன்னால் போனேன். ஒரு மேடு தாண்டினால் பிரிவு. அவர்கள் வருவதற்குள் டப்பாவைப் பிடுங்கித் தொட்டிப் பக்கம் நட்டேன். இது டூலிக்குக்கூடத் தெரியாது.

பெரியம்மாவுக்கு எழுத உட்கார்ந்தால், "என் ராசா" என்று அவர்கள் எனக்கு எழுதுகிற கையெழுத்து கண்ணில் நிற்கிறது. கிளெனிஸுக்கு ஆறு மாதம், ரத்த அழுத்தம் வேறு. பிள்ளை பிறக்கட்டும். பிறந்த அன்றே பெரியம்மாவுக்கு எழுதிவிடுகிறேன். அதுவரை பொறு. உன் காலில் விழுகிறேன்.

கிளெம்

*

மூன்டா
30 ஆகஸ்ட் 1972

கிளெமுக்கு,

கிளெனிஸ் நலமா? நாள் நெருங்கிவிட்டதே, காலுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் விடச் சொல்.

அம்மா பத்தொன்பதாம் தேதி போய்விட்டாள். தந்தி கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. நீ வந்து பெட்டியைத் தூக்குவதைப் பார்க்க முடியாது என்னால்.

கடைசிவரை தினமும் தபால்காரனைக் கேட்டாள். நீ ஜூலையில் வானிலையைப் பற்றி ஒரு கடிதம் போட்டாயே, அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினாள். நானே அந்தப் படத்தைக் காட்டியிருக்கலாம். இரண்டு முறை கையில் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். அவளுக்கு மிச்சமிருந்தது நீ ஒருவன்தான். ஒரு பிள்ளையைத் திருப்பிக் கொடுத்து இன்னொரு பிள்ளையைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. ஆகவே என் தம்பியை முட்டாள் என்று நினைத்தபடியே என் அம்மா செத்தாள். அதற்கு நானும்தான் உடந்தை.

சாகிற அன்று காலை சொன்னாள்: "லயல் கவனமில்லாத பிள்ள. கிளெம் மேல ஒரு தப்பும் இல்லன்னு அவன்கிட்டச் சொல்லிடு, பாவம், அதையே நெனச்சு உருகிட்டு இருப்பான். ஆம்பளப் பிள்ள பொறந்தா லயல்னு பேர் வைக்கச் சொல்லு."

சொல்லிவிட்டேன்.

படமும் நோட்டும் உன் ஜூன் மாதக் கடிதமும் என்னிடம் இருக்கின்றன. போலீஸுக்குப் போகாது. ஒரே நிபந்தனை. பையன் பிறந்தால் அம்மா சொன்ன பெயர்தான். முழுப் பெயர். செல்லப் பெயர், சுருக்கப் பெயர், இரண்டாம் பெயர் எதுவும் கூடாது. உன் வாயால் கூப்பிட வேண்டும். கிளெனிஸிடம் பெரியம்மாவின் கடைசி ஆசை என்று சொல். அது உண்மையும்கூட.

வெர்னா

*

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
20 செப்டம்பர் 1972

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண் குழந்தை. பன்னிரண்டாம் தேதி. தாயும் பிள்ளையும் சுகம். லயல் என்றே பதிவு செய்துவிட்டேன். கிளெனிஸ் அழுதுவிட்டாள், இவ்வளவு பாசமா உனக்கு என்று.

பெரியம்மாவுக்காக நான் எப்படி அழுதேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், எழுதவில்லை. நீ கேட்டது ஒரு பெயர். அதைவிடப் பெரிதாக எதையும் கேட்டிருக்கலாம். உன் மனசு யாருக்கும் வராது அக்கா. இந்தப் பிள்ளையை நல்லபடியாக வளர்த்து அந்தக் கணக்கைத் தீர்ப்பேன்.

உன் தம்பி,
கிளெம்

*

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
9 டிசம்பர் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஒரு வருடத்துக்கு மேல் நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

பையனுக்குப் பதினைந்து மாதம். நடக்கிறான் என்றா சொல்வது, ஓடுகிறான். கதவு திறந்திருந்தால் போதும், ஆளைக் காணோம்.

என்னால் அவனைக் கூப்பிட முடியவில்லை அக்கா. பிறந்ததிலிருந்து ஒரு முறைகூட முடியவில்லை. தொட்டிலில் கிடந்தபோது தெரியவில்லை, கிட்டே போனால் போதும். இப்போது தெரிகிறது. "பெத்த பிள்ளைய 'ஏய்'ங்கற, 'இந்தா'ங்கற. நாய்க்குக்கூடப் பேர் சொல்லிச் சோறு வைக்கற. இந்தப் பேர வெச்சது நீதானே?" என்று கிளெனிஸ் சண்டை பிடிக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளிக்கதவு வழியாகப் போய்விட்டான். கிளெனிஸ் ஒரு பக்கம் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினாள். நான் மறுபக்கம் ஓடினேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தெருக்கோடிவரை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு ஓடினேன். எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் நின்றிருந்த ஒரு லாரிக்கு அடியில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். நான் அவனைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான். டிரைவர் வண்டியைக் கிளப்ப ஏறிவிட்டிருந்தான், கிளெனிஸ்தான் கதவைத் தட்டி நிறுத்தினாள்.

காரணம் சொல்லாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாளாம். எனக்குப் பயமாக இருக்கிறது. போலீஸுக்குப் பயமில்லை, படத்தை வேண்டுமானால் அனுப்பிவிடு. வேறு ஒரு பெயர், வீட்டில் கூப்பிட மட்டும், ஏதோ ஒன்று, நீயே சொல்லு. அவனுக்காகக் கேட்கிறேன். அவன் என்ன பாவம் செய்தான்?

கிளெம்

*

மூன்டா
2 ஜனவரி 1974

அன்புள்ள கிளெமுக்கு,

இங்கே நான் நலம். கிளெனிஸையும் பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல். பல் எத்தனை வந்திருக்கிறது? கடைவாய்ப் பல் வருகிற சமயம், காய்ச்சல் அடிக்கும், ஈரத்துணியைக் கடிக்கக் கொடுக்கச் சொல்.

படத்தை எங்கேயும் அனுப்பமாட்டேன். ஜெயிலில் உன்னை யாரும் பிள்ளையைக் கூப்பிடச் சொல்லமாட்டார்கள்.

அவன் பாவம் எதுவும் செய்யவில்லை என்று எனக்கும் தெரியும். லாரி விஷயத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. இருந்தும் சொல்கிறேன், வேறு பெயர் கிடையாது. அந்தப் பெயருக்குத்தான் அவன் திரும்பிப் பார்க்கிறான். இனிமேல் அவன் வெளியே போனால் ஓடாதே. வாசலில் நில். லயல் என்று கூப்பிடு, தெருவுக்கே கேட்கிற மாதிரி. வரவில்லையென்றால் மறுபடியும் கூப்பிடு. வெயிலாக இருந்தாலும் அவன் வந்து சேருகிறவரை அந்த இடத்தை விட்டு நகராதே.

அன்புடன்,
வெர்னா